கீழாநெல்லி என்பது எந்தச் செடி?

அனகாபுத்தூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நெசவு. அடையாற்றங்கரையில், பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையே இருக்கும் இவ்வூர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனோடு இணைந்தது. பருத்தியோடும் பட்டோடும் நின்றுவிடாமல் வாழை, சணல், அன்னாசி, கற்றாழை என்று பல தாவர நார்களில் சேலை நெய்து பார்த்தவர்கள் இவ்வூர் நெசவாளர்கள். இந்தப் பட்டியலில் கடைசியாக நிற்கும் சொல்லில் சற்றுத் தங்கிப் பார்க்கலாம். கற்றாழை என்றால் எந்தக் கற்றாழை? வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவதும், சித்த மருத்துவர் குமரி என்று எழுதுவதும் சோற்றுக் கற்றாழை. தாவரவியலார் அதை ஆலோ வேரா என்பர். அரேபியப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. வேலியோரங்களில் ஆள் உயரத்துக்கு நின்று, கயிறு திரிக்க நார் தருவது ஆனைக் கற்றாழை. அது அகேவ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது, அமெரிக்காவிலிருந்து வந்தது. சதைப்பற்றுள்ள மடலையும் முள் விளிம்பையும் கண்டு தமிழ் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டது. ஆங்கிலேய வணிகர்களும் இதையே செய்தார்கள். அகேவ் நாரை 'ஆலோ நார்' என்ற பெயரில்தான் விற்றார்கள்.

நெசவில் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டம் ஏதும் இல்லை. தறியில் ஏற்றியதும் நார் தன் குணத்தைக் காட்டிவிடும். மருந்து அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. தவறான செடியை அரைத்துக் குடித்தவருக்கு அது தவறான செடி என்பது பல நேரங்களில் தெரியாமலே போய்விடும். செடியின் வழக்குப் பெயரையும் அறிவியற் பெயரையும் இணைத்துவைக்கும் வேலை சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அந்த வரலாற்றை ஒரே ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் செடி கீழாநெல்லி.

மழைக்குப் பின் அடையாற்றுப் பக்கத்துக் காலிமனைகளில் குப்பைமேனி, கரிசலாங்கண்ணி, நாயுருவி ஆகியவற்றோடு தானே முளைப்பது இது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். புளிய இலையைப் போன்ற சிற்றிலைகள். இலைவரிசையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி. அதனால் கீழாநெல்லி, கீழ்க்காய் நெல்லி. மஞ்சட்காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு.

இந்தப் பெயரின் அமைப்பை நாம் போதிய அளவு வியந்ததில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நெல்லி ஒரு மரம். கீழாநெல்லி ஒரு பூண்டு. உருவத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. ஆயினும் சிற்றிலைகள் வரிசைப்பட்ட கிளையின் ஒழுங்கையும், காய் ஒட்டிக்கொண்டிருக்கும் விதத்தையும் கவனித்த யாரோ ஒருவர் இரண்டும் ஓரினம் என்று முடிவு செய்திருக்கிறார். 1753இல் லின்னேயஸ் தமது நூலில் நெல்லியையும் இந்தப் பூண்டு வகையையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இலையோடு ஒட்டிப் பூப்பது என்பது அச்சொல்லின் பொருள். இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

தமிழ்ச் செடிப்பெயர்களில் பெரும்பாலானவை இவ்வாறு இரு சொற்களால் ஆனவை. லத்தீனில் பேரினப் பெயர் முன்னே வரும். தமிழில் அது பின்னே வருகிறது. கருநொச்சி, வெள்ளெருக்கு, செந்நாயுருவி, நிலப்பனை, மலைவேம்பு என்று அடைமொழி முன் நின்று வகையைப் பிரிக்கிறது. ஆனால் பிரிக்கும் அளவுகோல் வேறு. லின்னேயஸ் பூவின் உறுப்புகளை எண்ணினார். தமிழ், சுவையையும் நிறத்தையும் மணத்தையும் இருப்பிடத்தையும் பார்த்தது. வேம்புக்கும் நிலவேம்புக்கும் தாவரவியலில் உறவே கிடையாது, நாக்கில் உண்டு. திவாகரம் முதலான நிகண்டுகள் மரப்பெயர்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கின. அவை ஒரு செடிக்குப் பல பெயர்களைத் தந்தன. செடி எப்படி இருக்கும் என்று சொல்வது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. கற்பவன் செடியை அறிந்திருப்பான் என்று கொண்டு எழுதப்பட்டவை அவை. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் சிலவற்றை இன்றும் உறுதியாக இன்ன செடி என்று காட்ட முடியாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. பெயர் ஏட்டில் தங்கியது. சுட்டிக் காட்டும் விரல் தலைமுறையோடு போய்விட்டது. பி. எல். சாமி போன்றோர் சங்க இலக்கியச் செடிகொடிகளைத் தாவரவியலோடு பொருத்திப் பார்க்கப் பாடுபட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

ஐரோப்பியர் வந்தபோது அவர்களுக்கு அந்த விரல் தேவைப்பட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கு'சைத் தொகுத்தார். அதில் கீழாநெல்லி 'கிர்கனெலி' என்ற ஒலிப்பில் இடம்பெறுகிறது. மலையாளப் பெயர் டச்சுக்காரர் காதில் விழுந்த விதம் அது. பின்னாளில் ஜுஸ்ஸியூ என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் கிர்கனெலியா என்றே ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டார். ரீடுக்குச் செடிகளை அடையாளம் காட்டிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரும், மூன்று கொங்கணி வைத்தியர்களின் பெயர்களும் அந்நூலில் அச்சாகியுள்ளன.

சென்னையில் இதே வேலை சிறிய அளவில் நடந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் 1690களில் சுற்றுவட்டாரத்துச் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, உள்ளூர்ப் பெயரோடும் மருந்துக் குணங்களோடும் லண்டனுக்கு அனுப்பினார். அங்கிருந்த மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக வெளியிட்டார். தமிழை 'மலபார்' என்று அவர்கள் குறித்ததால் தமிழ்ப் பெயர்கள் 'மலபார்ப் பெயர்கள்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றன. பிரவுன் 1698இல் இறந்தார். அவர் அனுப்பிய தாள்கள் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் சேர்ந்து இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. லின்னேயஸின் நூல் வெளிவருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே சென்னைச் செடிகள் தமிழ்ப் பெயரோடு ஐரோப்பாவில் அச்சேறிவிட்டன. ஆனால் அந்தப் பெயர்களைச் சொன்ன வைத்தியர்களுக்கு இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை.

இதற்கு அடுத்த கண்ணி தரங்கம்பாடியிலிருந்து வருகிறது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் அங்கே வந்தார். அவரைச் சுற்றி உருவான வட்டத்தில் ஒருவர் ஜான் பீட்டர் ராட்லர் என்னும் சமயப் பணியாளர். செடி சேகரித்த இதே ராட்லர்தான் பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தார். 1834இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1841இல் அது நிறைவுற்றது. செடியும் சொல்லும் ஒரே மனிதரின் மேசையில் இருந்த அபூர்வமான காலம் அது. ராக்ஸ்பரோ அவரைச் சிறப்பிக்க ராட்லெரா என்று ஒரு பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். அச்செடி, கபிலப்பொடி தரும் மரம், இன்று மல்லோட்டஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. அறிவியற் பெயரும் நிலையானதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

மருந்துச் சரக்குகளை முறையாகப் பெயர்ப்படுத்திய முதல் பெரிய நூல் வைட்லா ஐன்ஸ்லி என்ற மருத்துவர் 1813இல் சென்னையில் வெளியிட்டது. விரிவாக்கப்பட்ட வடிவம் 1826இல் லண்டனில் இரு தொகுதிகளாக வந்தது. அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய மூதீன் ஷெரிப் வந்தார். இந்திய மருந்து நூலுக்குத் துணைநூலாக 1869இல் அவர் வெளியிட்ட பெயர்ப்பட்டியல், ஒவ்வொரு சரக்குக்கும் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர் தருகிறது. அவருடைய சிறப்பு, ஏட்டுப் பெயரோடு நின்றுவிடாமல் கடைவீதியில் எந்தப் பெயருக்கு எந்தச் சரக்கு கொடுக்கப்படுகிறது என்பதைக் கவனித்தது. பெயர்க் குழப்பம் வைத்தியரிடத்தில் தொடங்குவதைவிட நாட்டு மருந்துக் கடைக்கு வரும் வழியில் தொடங்குவதே அதிகம் என்பதை அறிந்தவர் அவர்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலையைத் தமிழர் தமிழிலேயே செய்யத் தொடங்கினர். சென்னைக் காவல்துறையில் பணியாற்றிய டி. வி. சாம்பசிவம் பிள்ளை தனியொருவராக மருத்துவத் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியைத் தொகுத்து 1931 முதல் வெளியிட்டார். 1953இல் அவர் மறைந்தபோது பெரும்பகுதி கையெழுத்தாகவே இருந்தது. எஞ்சியவை அரசின் உதவியால் 1970களில்தான் அச்சாயின. சி. எஸ். முருகேச முதலியாரின் 'குணபாடம்' 1936இல் வந்தது. சித்த மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். தாவரவியலின் பக்கத்தில் மயூரநாதன் 1929இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக நகரத்தின் பூக்கும் தாவரங்களைப் பட்டியலிட்டார். அதற்குத் துணைநூல் எழுதிய எட்வர்ட் பார்ன்ஸ், 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். வேதியியல் கற்பித்துக்கொண்டே செடிகளைத் தேடி அலைந்தவர் அவர். அவர் பெயரால் ஒரு காட்டுச் செடியினம் வழங்குகிறது. அனகாபுத்தூரும் பல்லாவரமும் தாம்பரமும் அன்று வயலும் ஏரியும் புதர்க்காடுமாக இருந்த நிலம்.

இவ்வளவு பேர் உழைத்த பிறகும் கீழாநெல்லியின் அறிவியற் பெயர் தவறாகவே இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை.

லின்னேயஸ் 1753இல் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று ஒரு செடிக்குப் பெயரிட்டார். நிரூரி என்பது மலையாளத்தில் இதே குடும்பத்தின் வேறொரு புதர்ச்செடிக்கு வழங்கும் பெயர். அந்தப் பெயரை அவர் அமெரிக்கச் செடி ஒன்றுக்குச் சூட்டி, மலபாரின் கிர்கனெலியும் இதுவே என்று சேர்த்து எழுதிவிட்டார். இந்தியாவைப் பார்க்காத அவருக்குக் கிழக்கிந்தியாவும் மேற்கிந்தியாவும் நூலில் வரும் ஊர்கள்தாம். அன்றிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்திய நூல்கள் அனைத்தும் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதின. 1950களில் அமெரிக்கத் தாவரவியலார் கிரேடி வெப்ஸ்டர் இப்பேரினத்தை ஆராய்ந்து, உண்மையான நிரூரி அமெரிக்காவுக்கு உரியது என்று தெளிவுபடுத்தினார். இந்திய நூல்கள் நிரூரி என்று சொல்வது ஒரே செடியன்று. அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்று குறைந்தது மூன்று சிற்றினங்கள் அப்பெயருக்குள் கலந்திருந்தன. தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அப்பெயர் 1827இல் ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் எடுத்த செடியைக் கொண்டு சூட்டப்பட்டது. அமாரஸ் என்றால் கசப்பு.

இந்தத் திருத்தம் தாவரவியலாரின் வீட்டுச் சண்டையாகவே இருந்திருக்கக்கூடும். 1980களில் அது மருத்துவமனைக்குள் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் குழுவினரும் 1982இல், கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஹெபடைட்டிஸ் பி நுண்ணுயிரியின் மேற்பரப்புப் புரதத்தைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதாக எழுதினர். அந்நுண்ணுயிரியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க் இதில் ஆர்வம் கொண்டார். 1987இல் அவரது குழு அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. 1988 அக்டோபரில் சென்னைக் குழுவும் அவரும் சேர்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஓராண்டு இடைவெளியில் மருந்தின் பெயர் மாறியிருந்தது.

அந்த லான்செட் கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நுண்ணுயிரியை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாட்கள் இச்செடி தரப்பட்டது. 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், அந்த மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தற்ற பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நடந்தது. ஆனால் 1990இல் தாய்லாந்தில் ஃபில்லாந்தஸ் அமாரசைக் கொண்டு செய்த சோதனையில் அந்தப் பலன் கிட்டவில்லை. பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு 2011இல், மருந்தற்ற பொடியைவிட இது மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று கூறியது. சென்னையில் எடுத்த செடியும் பாங்காக்கில் எடுத்த செடியும் சத்துக் கூறுகளில் ஒன்றா, பருவமும் மண்ணும் அதை மாற்றுமா என்ற விவாதங்கள் எழுந்தன. சரியான லத்தீன் பெயரை எழுதிவிட்டாலும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீழாநெல்லியைப் போலவே மஞ்சட்காமாலையும் ஒரு வழக்குப் பெயர்தான். கண்ணும் தோலும் மஞ்சளாவது ஓர் அடையாளம். அதன் பின்னே ஹெபடைட்டிஸ் ஏ இருக்கலாம், பி இருக்கலாம், பித்தக்குழாய் அடைப்பு இருக்கலாம், குடியால் கெட்ட ஈரல் இருக்கலாம். ஏ வகை பெரும்பாலோருக்குத் தானே குணமாவது. அப்போது எதைக் குடித்திருந்தாலும் குடித்தது குணப்படுத்தியதாகத் தோன்றும். மூன்று நான்கு செடிகளைக் குறிக்கும் ஒரு பெயரும், நான்கைந்து நோய்களைக் குறிக்கும் ஒரு பெயரும் சந்திக்கும் இடத்தில்தான் நம் வீடுகளில் 'கீழாநெல்லி கொடுத்தால் காமாலை போகும்' என்ற வாக்கியம் நிற்கிறது. இரு பெயர்களையும் அவிழ்க்காமல் அந்த வாக்கியத்தை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல இயலாது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

குழப்பம் கீழாநெல்லியோடு முடிவதில்லை. 2006இல் சிக்குன்குனியா பரவியபோதும், பிறகு டெங்கு ஆண்டுகளிலும் தமிழ்நாடெங்கும் பேசப்பட்ட நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று பற்பாடகம். தமிழ்நாட்டுச் சித்தரின் பற்பாடகம் ஒரு செடி. கேரள ஆயுர்வேதத்தில் அப்பெயருக்கு உரியது வேறு செடி. வடநாட்டில் மூன்றாவது ஒன்று. மூன்றும் மூன்று குடும்பங்கள். மஞ்சள் கரிசாலையின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. ஈரமான வரப்புகளில் வளரும் அந்த நாட்டுச் செடியை இன்று சென்னைப் புறநகரில் காண்பது அரிதாகிவிட்டது. அழகுக்காகப் பூங்காக்களில் நடப்படும் அதன் அமெரிக்க உறவுச்செடி எங்கும் படர்ந்து கிடக்கிறது. பூவின் மஞ்சள் ஒன்றே, பெயரும் ஒன்றாகிவிட்டது.

கீழாநெல்லியிலும் அப்படி ஓர் ஐயம் உள்ளே கிடக்கிறது. ஃபில்லாந்தஸ் அமாரஸ் அமெரிக்க வெப்பமண்டலத்தில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவிய செடி என்று வெப்ஸ்டர் முதலான தாவரவியலார் கருதினர். அது சரியென்றால், கப்பல்கள் வருமுன் இங்கே கீழாநெல்லி என்று அழைக்கப்பட்டது அதன் உறவினமான வேறொரு சிற்றினமாக இருந்திருக்க வேண்டும். பெயர் ஊரில் இருந்தபடியே இருக்க, செடி மாறியிருக்கிறது. மருத்துவ ஏடுகளைப் படிக்கும்போது, ஏட்டின் காலத்தையும் செடியின் பயணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

அறிவியற் பெயர் போதும், வழக்குப் பெயர் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. அதற்கு எதிரான வலுவான சான்று காப்புரிமை அலுவலகங்களில் இருக்கிறது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுக்கப்பட்ட காப்புரிமை, பழைய நூல்களைச் சான்றாகக் காட்டிய பிறகு 1997இல் நீக்கப்பட்டது. அந்த அனுபவத்தில் பிறந்ததே இந்திய அரசின் மரபறிவு எண்ணிம நூலகம். 2001இல் அதன் பணி தொடங்கியது. தமிழ்ச் சுவடியில் இருக்கும் மருந்துக் குறிப்பை அயல்நாட்டுப் பரிசோதகர் படிக்கும் வகையில் மாற்றித் தருவது அதன் பணி. குறிப்பில் உள்ள தமிழ்ப் பெயர் எந்தச் செடி என்று காட்ட முடிந்தால்தான் 'இது எங்களுக்கு முன்பே தெரியும்' என்ற வாதம் நிற்கும். பிரவுனும் ஷெரிப்பும் சாம்பசிவம் பிள்ளையும் செய்த இணைப்பு வேலை இங்கே சட்டச் சான்றாகிறது.

லத்தீன் பெயரோ இன்னும் ஓயவில்லை. ஃபில்லாந்தஸ் பேரினத்தையே பிரித்து நெல்லிக்கு எம்ப்ளிக்கா என்ற பழைய பெயரை மீண்டும் தர வேண்டும் என்ற முன்மொழிவு 2022இல் வந்திருக்கிறது. அது ஏற்கப்பட்டால் லத்தீனில் நெல்லியும் கீழாநெல்லியும் பிரிந்து போகும். தமிழில் சேர்ந்தே இருக்கும்.

2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கே குணபாடத்துக்கென்று ஒரு துறை இருக்கிறது. அனகாபுத்தூரிலிருந்து அது தொலைவில்லை. ஆற்றங்கரையில் செடியைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இவ்வூர்களில் இன்னும் இருக்கிறார்கள், ஆண்டுதோறும் குறைகிறார்கள். காலிமனைகளும் குறைகின்றன. ஒருவர் சொல்லும் பெயர், அவர் காட்டிய செடியின் உலர்ந்த கிளை, எடுத்த இடம், நாள், எதற்குப் பயன்படுத்தினார் என்ற குறிப்பு, சொன்னவரின் பெயர்: இவை ஒரே தாளில் சேர்ந்தால் போதும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரவுன் ஏறத்தாழ இதைச் செய்தார். அவர் தாள்களில் நாம் சேர்க்க வேண்டியது அந்தக் கடைசிக் குறிப்பு.